நூற்று நாற்பத்து மூன்று வாத்துகள்

ஆமத்தூர்க் கண்மாய்க்கு ஞாயிறுதோறும் பறவை பார்க்க வரும் கூட்டத்தில் பொன்னுத்தங்கம் சேர்ந்ததே ஒரு சண்டையில்தான். இரண்டாயிரத்து ஆறு கார்த்திகையில் ஒருநாள் அவள் படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் பைனாகுலர் தொங்க ஏழெட்டுப் பேர் கண்மாய்த் தண்ணீர் வெளியேறும் மறுகால் பக்கமாக இறங்கி வந்தார்கள்.

"அங்கன இருந்து வந்தா வெயிலு கண்ணுல அடிக்கும். தண்ணியில கெடக்கிற நாமக்கோழி பூராம் ஓடிப்போகும். கருவேலங்காட்டுப் பக்கமா வாங்க. வாராவாரம் வெரட்டி விட்டுட்டுப் போறீக" என்று சத்தம் போட்டாள்.

அந்தக் கூட்டத்தை நடத்தி வந்த இக்பால் திருத்தங்கலில் ஆப்செட் பிரஸ் வைத்திருந்தவர். அவர் கோபப்படவில்லை. "அடுத்த வாரம் நீங்களே கூட்டிட்டுப் போங்கக்கா" என்றார். சும்மா சொன்னாரோ என்னவோ, அடுத்த ஞாயிறு ஆறரை மணிக்குப் பொன்னுத்தங்கம் தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு மறுகாலில் நின்றாள்.

மற்ற ஆறு நாளும் அவளுக்கு எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. கம்பி மத்தாப்பு பேக்கிங். பெட்டிக்குப் பத்துக் கம்பி. பதினைந்து வருஷமாக அள்ளிப் போட்டதில், கை ஒரு பிடி பிடித்தால் பத்துதான் வரும். ஒன்பது வந்தால் உள்ளங்கைக்கே தெரிந்துவிடும். கிடைக்கிற ஒரு நாள் லீவையும் வாத்து பார்த்துக் கழிக்கிறாளே என்று தெருவில் பேசினார்கள். புருஷன் சங்கிலிமுத்து மட்டும், "வரும்போது கறி எடுத்துட்டு வா" என்றதோடு விட்டுவிட்டான்.

கூட்டத்தில் நோட்டு எழுதுகிறவர் லட்சுமிகாந்தம். ரிட்டயர்டு சர்வேயர். என்ன பறவை, எத்தனை, எண்ணியவர் யார் என்று கட்டம் போட்டு வைத்திருந்தார். நாலு வருஷ நோட்டிலும் கடைசிக் கட்டத்தில் அவர் பெயர்தான். அடுத்தவர் சொல்லும் கணக்கை அவர் எழுதுவதில்லை.

மாசி பாதி தாண்டியது. வேம்பு கொழுந்து விட்டிருந்தது. குளிருக்கு வந்த பறவைகள் வடக்கே திரும்பும் நேரம். தை மாதம் முழுக்கப் பன்னிரண்டு வரித்தலை வாத்துகள்தான் கண்மாயில் மேய்ந்தன. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புக் கோடு போட்ட பெரிய வாத்துகள். அந்த ஞாயிற்றுக்கிழமை கருவேலங்காட்டைத் தாண்டியதும் பொன்னுத்தங்கம் சட்டென்று நின்று கையை நீட்டினாள். அக்கரை முழுக்க வாத்து. வேறு கண்மாய்களில் இருந்ததெல்லாம் புறப்படுவதற்கு முன்னால் ஒன்றுகூடி இறங்கியிருந்தன.

லட்சுமிகாந்தம் ஓரத்திலிருந்து எண்ணத் தொடங்கினார். எண்ணிக்கை அறுபதைத் தொட்டிருக்கும், ஊருக்குள் கல்யாண வீட்டில் வேட்டுப் போட்டார்கள். வாத்துக் கூட்டம் மொத்தமாக எழும்பியது. தலைக்கு மேலே கத்திக்கொண்டே ஒரு சுற்று வந்து, வரிசை பிடித்து, வடக்கே போய் மறைந்தது. அரை நிமிஷம்கூட இருக்காது. இக்பால் மட்டும் அண்ணாந்து ஒரு போட்டோ எடுத்திருந்தார்.

"சுமார் நூறுன்னு போட்டுக்கிருவோம்" என்றார் லட்சுமிகாந்தம்.

"நூத்தி நாப்பத்தி மூணு சார்" என்றாள் பொன்னுத்தங்கம்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "பறக்கிறதை எப்படிம்மா எண்ணுன?"

"பிடி பிடியாத்தான். பதினாலு பிடி, மேல மூணு." வலது கை விரல்கள் இன்னும் மடங்கியே இருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

"கண்ணு ஏமாத்தும்மா. நான் சுமார்னே எழுதிக்கிறேன்."

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். ஆனாலும் அந்தச் 'சுமார்' அவளுக்கு வீடு வரைக்கும் நெஞ்சில் குத்திக்கொண்டே வந்தது. கம்பெனியில் ஒரு பெட்டியில் கம்பி குறைந்தது என்று இதுவரை ஒருத்தரும் அவளைச் சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை வேலை விட்டதும் நேரே பஸ் ஏறித் திருத்தங்கல் பிரஸ்ஸுக்குப் போனாள். இக்பால் அந்தப் போட்டோவை மேஜை அளவுக்குப் பெரிதாக்கி அச்சடித்து வைத்திருந்தார். அவர் சொல்லியனுப்பி லட்சுமிகாந்தமும் வந்திருந்தார். இக்பாலின் மனைவி பைரோஜா டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டாள். லட்சுமிகாந்தம் சிவப்புப் பென்சிலால் ஒவ்வொரு வாத்தின் மேலும் புள்ளி வைத்து எண்ணினார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை எண்ணினார்.

"நூத்தி நாப்பத்தி ஒண்ணு." அவர் குரலே மாறியிருந்தது. "அம்புட்டு வேகத்துல ரெண்டுதான் தப்பியிருக்கு. பெரிய விசயம்மா."

"தப்பலை சார். தாளைக் குடுங்க."

அவள் மேஜைமேல் குனிந்தாள். டீ ஆறியது. பைரோஜா, "தங்கம், கெடக்குது விடு, ரெண்டுதான" என்றாள். அவள் காதில் வாங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நடுவில் ஒரு இடத்தில் விரலை வைத்தாள்.

"இந்த வாத்துக்கு மட்டும் எப்படி நாலு றெக்கை?"

லட்சுமிகாந்தம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒன்றன் பின்னால் ஒன்று மறைந்திருந்தது. அடுத்து அவள் விரல் ஓரத்திலிருந்த பனைமரத்துக்குப் போனது. மட்டைகளுக்கு இடையில் ஒரு வெள்ளைத் தலை, இரண்டு கறுப்புக் கோடு.

சர்வேயர் அந்த இரண்டு இடத்திலும் சிவப்புப் புள்ளி வைத்தார். பிறகு நோட்டை எடுத்து, 'சுமார் 100' என்பதை ஸ்கேல் வைத்து அடித்து, '143' என்று எழுதினார். கடைசிக் கட்டத்தில் தன் பெயரையும் அடித்துவிட்டு, 'பொன்னுத்தங்கம், ஆமத்தூர்' என்று எழுதி நோட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"சரியா இருக்கான்னு பாத்துக்கங்க" என்றார். அதுவரை அவளை நீ என்றுதான் பேசி வந்தார்.

அவள் எழுத்துக் கூட்டி இரண்டு தடவை வாசித்தாள். சம்பளச் சீட்டிலும் ரேஷன் கார்டிலும் பார்த்த பெயர்தான். ஆனால் இந்த நோட்டில் பார்க்கும்போது முதுகு தானாக நிமிர்ந்தது.

மறுநாள் பேக்கிங் ரூமில் விஷயம் பரவியது. பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கும் வெள்ளைத்தாய், "எங்களையும் கூட்டிட்டுப் போ, அப்படி என்ன வாத்துன்னு பாப்போம்" என்றாள். அடுத்த ஞாயிறு ஆறு பெண்கள் தூக்குவாளியோடு கண்மாய்க்கு வந்துவிட்டார்கள். ஒரு வரித்தலை வாத்துகூட இல்லை.

"எங்கடி ஒன் வாத்து?"

"ஊருக்குப் போயிருச்சு. இமயமலையைத் தாண்டிப் போகணும்ல. கெளுவை இன்னும் போகலை, அந்தா கெடக்கு பாரு."

தண்ணீர் தெரியாமல் கிளுவை வாத்துகள் மிதந்தன. ஆறு பேரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எண்ணினார்கள். இருநூறு என்றாள் ஒருத்தி, இருநூற்று ஐம்பது என்றாள் இன்னொருத்தி. பேச்சு வலுத்தது. லட்சுமிகாந்தம் பென்சிலைப் பிடித்தபடி பொன்னுத்தங்கத்தைப் பார்த்தார்.

"எம்புட்டுன்னு எழுத?"

"பொறுங்க சார்" என்றாள் அவள், தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒண்ணோட ஒண்ணு மறைஞ்சு கெடக்கு. அதுவாப் பறக்கட்டும், சொல்றேன்."