பாலத்தைப் பற்றி ஒரு வரி

எங்கள் குழுவில் நாலு பேர். வகுப்புக்காக மிஸ் தொடங்கியிருந்த விக்கியில் ஆற்றுப் பாலத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். எழுதியதென்னவோ நான் மட்டும்தான். ஒருத்தி பாலத்தைப் படம் பிடிக்கிறேன் என்று போய், தன் முகத்துக்குப் பின்னால் பாலம் இருக்கிறதா என்று தேட வேண்டிய படத்தைப் போட்டாள். ஒருத்தன் மூன்று வாரமாகப் பாஸ்வேர்டை மறந்திருந்தான். நாலாவது ஆள் கமா. யார் எதை எழுதினாலும் அதில் ஒரு கமா வைத்துவிட்டு வருவான். அதனால் அந்தப் பெயர்.

கமாவோடு விட்டிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு போயிருப்பேன். ஒரு வரியை அழித்தான். 'பாலம் கட்டியபோது உயிர்ச்சேதம் எதுவும் இல்லை.' பழைய கையேட்டைப் பார்த்து நான் எழுதியது. திரும்பப் போட்டேன். அழித்தான். போட்டேன். அழித்தான். ஐந்தாம் முறை கம்ப்யூட்டர் அறையில் எல்லோர் முன்னாலும் வெடித்துவிட்டேன்.

"சொந்தமா ஒரு வரி எழுதத் துப்பில்ல, அழிக்க மட்டும் வந்துடுற! உனக்கு என்னதான் பிரச்சினை?"

அவன் கீபோர்டையே பார்த்தான். "காரணம் போட்டிருக்கேனே. ஹிஸ்டரியில நீ பார்க்கலையா?"

பார்த்ததே இல்லை. அந்தப் பக்கத்தின் திருத்த வரலாற்றைத் திறந்தேன். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பக்கத்திலும் சின்ன எழுத்தில் இருந்தது. 'தப்பு.' 'இது தப்பு, போடாத.' 'ப்ளீஸ்.' நாலாவதில் ஒன்றுமில்லை. கடைசியாக, 'எங்க பெரியப்பா அங்கதான் விழுந்து செத்தாரு.'

"வாயைத் திறந்து சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?" என்றேன். குரல் பாதியில் அடங்கிவிட்டது.

"நீ எங்க பேச விட்ட?"

மிஸ்ஸிடம் போனோம். "ஆதாரம் இருந்தா எழுதுங்க" என்று நிமிராமலே சொன்னார்.

சனிக்கிழமை அவன் பெரியம்மா வீட்டுக்குப் போனோம். தையல்காரி. மிஷினை நிறுத்திவிட்டு, பீரோவிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட கடிதத்தை எடுத்து வந்தார். பாலம் கட்டும்போது சாரம் சரிந்து இறந்த செய்தியும், தேதியும், பெரியப்பா பெயரும் ஒப்பந்தக்காரர் கையெழுத்தோடு இருந்தன.

"படம் பிடிச்சுக்கங்க. தாளைத் தர மாட்டேன்" என்றார். பிறகு, "இதை எத்தனை பேர் படிப்பாங்க?"

"கிளாஸ்ல முப்பது பேர், பெரியம்மா" என்றான் அவன். மூன்று பேர் படித்தாலே அதிகம் என்று எனக்குத் தெரியும்.

"முப்பது பேரா!" என்றார். உறையைப் புடவைத் தலைப்பால் துடைத்து, படம் பிடிக்க வசதியாக வெளிச்சத்தில் வைத்தார்.

அன்று சாயங்காலமே அவன் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். ஒரு வரி இருந்த இடத்தில் ஒரு பத்தி வந்தது.

திங்கட்கிழமை அதன் கீழே மிஸ்ஸின் குறிப்பு: 'தலைப்பை விட்டு விலகுகிறது. சுருக்கவும்.'

எனக்குக் கோபம் தலைக்கேறியது. திட்டிப் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தால், எனக்கு முன்பே அவன் எழுதியிருந்தான்: 'மன்னிக்கணும் மிஸ். இதுல எடுக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல.'

இரண்டு மார்க் குறைத்தார். பத்தி அப்படியே இருக்கிறது.