சாதாரணக் குரல்

அந்த டப்பிங் ஸ்டுடியோவின் பொறுப்பாளருக்கு எல்லாரும் வைத்திருந்த பெயர் ஒன்மோர். நன்றாகப் பேசினாலும் "ஒன் மோர்" என்பார்; சொதப்பினாலும் அதேதான். ஏன் என்று கேட்டால், "எங்கயோ இடிக்குது" என்பதோடு சரி.

அவரிடம் பல வருடங்களாகப் பின்னணிக் குரல் கொடுத்து வந்தாள் அவள். தாய், நர்ஸ், வில்லனின் மனைவி, பால்குடி மறக்காத பிள்ளை என்று எதைக் கொடுத்தாலும் பேசுவாள். "உன் குரல் ரொம்ப சாதாரணம்மா. கேட்டா மனசுல நிக்காது," என்று ஒன்மோர் வாய்க்கு வாய் சொல்லுவார். அதை அப்படியே நம்பினாள். குரல் கனக்கட்டும் என்று வீட்டில் தொண்டையை இறுக்கி இறுக்கிப் பழகி, கடைசியில் குரல் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். "நல்லா இருந்த தொண்டையை ஏன்டி இப்படிக் கெடுத்துக்கற?" என்று அக்கா திட்டினாள். பதில் சொல்லக்கூட அவளுக்குக் குரல் எழும்பவில்லை.

தொண்டை சரியானதும் ஒன்மோர் கூப்பிட்டார். ஒரு கம்பெனி, கம்ப்யூட்டருக்குக் குரல் பழக்குகிறதாம். அழுகை, சிரிப்பு, கோபம், கெஞ்சல் எல்லாவற்றிலும் நிறைய வசனம் பேசித் தர வேண்டும். அதன்பிறகு எதைக் கொடுத்தாலும் கம்ப்யூட்டரே அவள் குரலில் பேசிக்கொள்ளும்.

"அப்புறம் எனக்கு வேலை?"

"இப்ப மட்டும் என்ன வேலை குவியுதா? உன்னை மாதிரி சாதாரணக் குரலுக்கு இதுவே பெரிய சான்ஸ்."

தலையை ஆட்டிவிட்டுப் போய் ஹெட்போனை மாட்டினாள். அழுகை வசனங்களைப் பேசி முடித்ததும், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த ஒலிப்பதிவாளரின் குரல் கேட்டது.

"நிஜமாவே சம்மதிச்சுத்தான் பேசறீங்களாம்மா?"

"ஏன் சார் கேக்கறீங்க?"

"பேர்போன குரல் நாலஞ்சு அனுப்பினோம். கம்பெனிக்காரங்களுக்கு ஒண்ணும் பிடிக்கல. உங்க குரல்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க. உங்ககிட்ட சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்."

ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். நேரே ஒன்மோரின் அறைக்குப் போனாள்.

"என் குரல் சாதாரணம்னா, அதையே எதுக்குக் கேக்கறாங்க?"

"யார் சொன்னது?"

"யார் சொன்னா என்ன. இத்தனை வருஷமா என்னை மட்டம் தட்டியே வெச்சிருந்தீங்க. தெரியாம இல்ல, தெரிஞ்சே."

"தலைக்கனம் வந்துடக் கூடாதுன்னுதாம்மா. உங்களையெல்லாம் அப்படித்தான் வெச்சு வேலை வாங்கணும்."

கூசாமல் சொன்னார் மனிதர். டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்.

"இப்ப பேசினதை அழிக்கச் சொல்லுங்க. என் கண்ணு முன்னாடி."

"வெளிய போனா வேற எவனும் உன்னைக் கூப்பிடாதபடி பண்ணிடுவேன்."

"பண்ணுங்க."

ஒலிப்பதிவாளர் பதிவை அழித்து முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

ஒன்மோர் சொன்னபடியே செய்தார். ஸ்டுடியோக்கள் அவள் போனை எடுக்கவில்லை. வீட்டுச் செலவை அக்கா ஒருத்தியே சுமந்தாள். சும்மா இருந்த பகல்களில், தான் பேசிய பழைய படங்களைத் தேடிப் போட்டுக் கேட்டாள். ஒரு நர்ஸ் பாத்திரம் சுத்த மோசம். வார்த்தை வருமுன்னே அழுகை முந்திக்கொண்டிருந்தது. யாரும் சொல்லாமலே அது அவளுக்குப் பளிச்சென்று தெரிந்தது. இன்னொன்றில் ஒரு தாய், "சாப்ட்டியா" என்ற ஒரே வார்த்தையில் மகனை மன்னித்துவிடுகிறாள். அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். இதைப் போய் இடிக்கிறது என்று சொன்னானே பாவி என்று ஆத்திரம் பொங்கியது. அதை நம்பி முடங்கிக் கிடந்த தன் மேலும் பொங்கியது.

ஒன்மோரை ஒரு பொருட்டாக மதிக்காத பெண் இயக்குநர் ஒருத்தி, கார்ட்டூன் படமொன்றில் ஆமைக்குப் பேசக் கூப்பிட்டாள். முதல் நாள் முடிந்து வந்ததும் அக்கா கேட்டாள்.

"டைரக்டருக்குப் பிடிச்சுதாமா?"

"அவங்களுக்குப் பிடிச்சுது. எனக்குத்தான் ரெண்டாவது சீன் சரியா வரல. நாளைக்குத் திரும்பப் பேசித் தரேன்னு சொல்லிட்டேன்."

"அந்த ஆள் மேல இருந்த கோவம் தணிஞ்சுதா?"

"இல்லக்கா. தணியவும் வேண்டாம்," என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.