பசுவின் மூச்சு

மகள் பிறந்து மூன்று வாரம். கோழிக்குஞ்சு அளவுதான் இருந்தாள். குடித்த பாலையெல்லாம் கக்கினாள். மீன் பிடிக்கப் போன அவள் அப்பாவைக் கடல் கொண்டுபோய்விட்டது. இங்கிலாந்து ராஜாவின் சபை சரியில்லை என்று அமெரிக்காவுக்குக் கப்பலேறி வந்த ஊர் எங்களுடையது. வந்த இடத்தில் சட்டத்துக்கு மட்டும் குறைவில்லை. சபையில் சேராதவர் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கிடையாது. நான் சேராதவள். அவள் பிழைக்காவிட்டாலும், ஞானஸ்நானம் இல்லாமல் அவளைப் புதைக்க என் மனம் ஒப்பவில்லை.

சபையில் சேர, கிருபை நம்மைத் தொட்ட கதையை எல்லார் முன்பும் சொல்ல வேண்டும்; கேட்டவர்கள் கை தூக்கி ஏற்க வேண்டும். பெண்கள் சொல்வதைப் போதகர் எழுதி வாசிப்பார். போதகர் தர்லோவிடம் போனேன்.

"பால் கறந்துட்டிருந்தேன் ஐயா. வெளியே பனி. கொட்டில் முழுக்க ஒரு வெளிச்சம். பசுவோட மூச்சு என் கழுத்துல பட்டுச்சு. எல்லாம் மன்னிச்சாச்சுன்னு தோணுச்சு."

"நரக பயம்? அழுகை?"

"இல்லைங்க. தூக்கம் வர்ற மாதிரி சுகமா இருந்துச்சு."

அவர் இறகுப் பேனாவை மையில் தோய்த்தார், எழுதாமலே திரும்ப வைத்தார்.

ஞாயிறன்று சபைக் கூடத்துக்குள்ளும் குளிர். அத்தனை பேர் மூச்சும் புகையாக எழுந்து கூரைக்கடியில் மிதந்தது. ஊரே கனவுக்குள் உட்கார்ந்திருப்பதாக எனக்குப் பட்டது. தர்லோ வாசித்தார். நரகம், நெருப்பு, புழு, ஏழு இரவுக் கண்ணீர். பெண்கள் விம்மினார்கள். பசுவைத்தான் காணோம்.

எதையும் தோண்டித் துருவுகிற மூப்பர் பெல் எழுந்தார். "ஏம்மா ஹெப்சிபா, இதெல்லாம் உனக்கு நடந்ததுதானா?"

ஆமாம் என்றால் போதும். மகள் மடியில் கனமே இல்லாமல் கிடந்தாள். பொய் சொல்லி வாங்கிய தண்ணீரை அவள் தலையில் எப்படி ஊற்றுவது?

"இல்லைங்க. எனக்கு நடந்தது மாட்டுக் கொட்டில்ல." முழுவதையும் சொன்னேன்.

"அடுத்த வாரம் கோழி வந்து சாட்சி சொல்லும்!" என்றான் மாவு ஆலைக்காரன். கூடம் சிரித்தது.

தர்லோ தாளை மடித்தார். "அவங்க கதையை நீங்க ஏத்துக்க மாட்டீங்கன்னு பயந்தேன். வாசிச்சது என்னோடது. இருபது வருஷம் முன்னாடி, அவங்க இவங்க சொன்னதையெல்லாம் கோத்து, இதைச் சொல்லித்தான் சபைல சேர்ந்தேன். எனக்கு ஒண்ணும் நடக்கல. இன்னும் காத்துட்டிருக்கேன்."

சிரிப்பு அடங்கியது. பெல் தன் கையைப் பார்த்தார். தினமும் பால் கறக்கிற கை. அதைத்தான் முதலில் தூக்கினார். பிறகு ஒவ்வொரு கையாக எழுந்தது.

போதகரை என்ன செய்வதென்பதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தார்கள். பாத்திரத் தண்ணீரின் மேல் உறைந்திருந்த பனிக்கட்டியை விரலால் உடைத்து, அவரே ஞானஸ்நானம் கொடுத்தார். அதுவரை முனகக்கூடத் தெம்பில்லாத மகள் கூடம் அதிரக் கத்தினாள். அந்தச் சத்தத்துக்கு நான் அழுதேவிட்டேன்.

மறுநாள் விடியலில் கொட்டிலுக்குப் போனேன். பசுவின் பக்கத்தில் தர்லோ தொப்பியைக் கழற்றிவிட்டு, கழுத்தைக் காட்டிக் குனிந்து நின்றிருந்தார். வாளியைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு, பனியில் வெளியே காத்திருந்தேன்.