பதினெட்டுக் கலப்பு மீன்கள்

நூறு மீனும் மேலை ஏரியில் பிடித்தவை என்று அத்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். அக்காவின் கணவர். மீன் ஆய்வுக்கூடத்தில் மாதிரி பிடிக்கும் தற்காலிக வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்தவன் நான்தான். இந்த அறிக்கை போனதும் வேலையை நிரந்தரமாக்குவதாக இயக்குநர் சொல்லியிருந்தார்.

எனக்கு எண்கள் உதைத்தன. ஒவ்வொரு மீனிலும் நான் சோதித்த மரபணுவுக்கு இரண்டு பிரதி. பிரதி 'அ'வாகவோ 'ஆ'வாகவோ இருக்கும். இரண்டும் 'அ' நாற்பத்தொன்று, இரண்டும் 'ஆ' நாற்பத்தொன்று, ஒன்று 'அ' ஒன்று 'ஆ' என்று கலப்பு பதினெட்டு. மொத்தம் இருநூறு பிரதியில் நூறு 'அ', சரிபாதி. ஒரே ஏரியில் தங்களுக்குள் கலந்து பெருகிய மீன்கள் என்றால் கலப்பு ஐம்பதை ஒட்டியாவது வர வேண்டும். என் கை பிசகியிருக்குமோ என்று இருபது மீனைத் திரும்பச் சோதித்தேன். பிசகவில்லை.

அத்தானைக் கூப்பிட்டேன்.

"எல்லாம் மேலை ஏரிதானா, அத்தான்?"

"பின்னே? உங்க வீட்டுத் தொட்டியிலயா பிடிச்சேன்?"

"ரெண்டு ஏரி மீன் மாதிரி இருக்கு."

"மீன் நெத்தியில ஊர்ப் பேரு எழுதியிருக்கா, மாப்ள?"

"எழுதித்தான் இருக்கு. ஒரே தண்ணியில வளர்ந்திருந்தா இவ்வளவு பேரு தனித்தனியா நின்னிருக்க மாட்டாங்க."

சிரித்தார். கண் மட்டும் சிரிக்கவில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஐம்பதுக்கு மேல வலையில விழல. நூறு இல்லாம வராதேன்னு நீதானே சொன்ன? மீதியைக் கீழை ஏரியில பிடிச்சேன். செத்துடக் கூடாதேன்னு ஒரே வாளியில கொட்டினேன். மீன்னா மீன்தானேப்பா!"

ஒரே வாளி. இனி எது எந்த ஏரி என்று பிரிக்க வழியில்லை. ஐம்பதை மட்டும் கொண்டுவந்திருந்தால் அதை வைத்தே கணக்குப் போட்டிருப்பேன்.

"அக்காவுக்குத் தெரிய வேணாம்" என்றார்.

"அக்கா இருக்கட்டும். இயக்குநர்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் சொன்னா வேலை போயிடும். நீங்க சொன்னா ஒருவேளை திட்டோட நிக்கும்."

"இப்பவேவா?"

"இப்பவே."

போனார். படிக்கட்டில் மேலே போனால் இயக்குநர் அறை, கீழே இறங்கினால் வாசல். செருப்புச் சத்தம் மேலே ஏறுவதாகத்தான் கேட்டது. இருந்தாலும் நம்பாமல் எழுந்து போய் எட்டிப் பார்த்தேன். அத்தான் இயக்குநரின் கதவருகே நின்று, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டிருந்தார்.