முதல் சுற்று முடியும்வரை

கோணேஸ்வரனுக்கு அந்த இசைக்குழுவின் மேல் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் கார் ரயர் ஒன்று வெடித்ததுதான். ஒன்பது வருடங்களுக்கு முந்தைய மார்ச் மாதத்துச் சனிக்கிழமை. கிங்ஸ்ரன் வீதியில் பனி கரைந்து விட்டுப்போன குழியொன்றில் கார் விழுந்து எழும்பியது. இழுவை வண்டி வர ஒரு மணித்தியாலம் ஆகும் என்றார்கள். குளிருக்கு ஒதுங்க எதிரே இருந்த மதுச்சாலைக்குள் போனார். பிற்பகல் மூன்று மணி, உள்ளே ஐந்து பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

கிரவல் பிற் போய்ஸ் என்பது அவர்களின் பெயர். தமிழில் சொன்னால் சரளைக்கிடங்குப் பொடியன்கள். பீற்றர்பரோவுக்கு வடக்கே ஒரு சின்ன ஊரிலிருந்து வாராவாரம் வேனில் வருகிறவர்கள். பெயர்தான் பொடியன்கள், இளையவருக்கே ஐம்பது நெருங்கியிருந்தது. ஒருவர் பேஸ் என்கிற ஆளுயர வாத்தியத்தை நிமிர்த்திப் பிடித்து அதன் நரம்புகளை அறைந்துகொண்டிருந்தார். இன்னொருவர் மேசைபோல் கிடந்த ஸ்டீல் கிற்றாரின் மேல் ஓர் இரும்புத் துண்டை வழுக்கவிட்டு, மனிதர் விம்முவதுபோல ஒரு சத்தத்தை எடுத்தார். பெண்சாதி விட்டுவிட்டுப் போய்விட்டாள், சமையலறை விளக்கை அணைக்க மனம் வரவில்லை என்று பாட்டு. சனமோ கைகோர்த்துச் சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தது. இதென்ன கூத்து என்று கோணேஸ்வரன் வாசலிலேயே நின்றுவிட்டார். இழுவை வண்டிக்காரன் வந்து கோர்ன் அடித்தபோது, பத்து நிமிடம் பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினார்.

அதற்குப் பிறகு அவர் தவறவிட்ட சனிக்கிழமைகளை விரல்விட்டு எண்ணலாம். மற்ற நாட்களில் பாடசாலை பஸ் ஓட்டுகிறவர், ஐம்பத்தேழு வயது, அங்கே போனாலும் இஞ்சிச் சோடாவைத் தவிர ஒன்றும் குடிப்பதில்லை. அதை மனைவி கனகாம்பிகை நம்பினாள். ஆனாலும், "கோயிலுக்கு வாங்கோ எண்டால் முழங்கால் நோகுது. உந்தப் பியர்க்கடைக்குப் போறதுக்கு மட்டும் நோகேல்லை" என்று சொல்லாமல் விடமாட்டாள். இந்த இசைக்கு ஹொங்கி ரொங்க் என்றும் ரொக்கபிலி என்றும் பெயர், இரண்டுக்கும் இன்ன வித்தியாசம் என்று அவர் விளக்கத் தொடங்கினால், அவளுக்கு அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும்.

மேடைக்கு முன்னால் ஏழெட்டு நிரந்தர இரசிகர்கள் இருந்தார்கள். பாட்டின் முதல் இரண்டு தட்டிலேயே இன்னதென்று சொல்லிவிடுகிறவர்கள். அவர்கள் கோணேஸ்வரனைக் கோனி என்று கூப்பிட்டார்கள். தூண் ஓரத்து மேசையில் அவரோடு எப்போதும் இருப்பவள் வெர்னா. எழுபத்தொரு வயது, ஜமேக்காவில் பிறந்தவள், ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் ஊர் முழுக்க ரேடியோவில் இப்படியான பாட்டுத்தான் போகும், வெள்ளைக்காரரின் சொத்து என்று நினைத்துவிடாதே என்று முதல் நாளே சொல்லிவைத்தாள். அதிகம் பேசமாட்டாள். ஸ்டீல் கிற்றார் வழுக்கி ஏறும் இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொள்வாள். அந்த நேரம் யாரும் அவளிடம் எதுவும் கேட்கக்கூடாது.

போன செப்ரெம்பரில் நான்கு சனிக்கிழமைகள் தொடர்ந்து வெர்னா வரவில்லை. அப்போதுதான் ஒரு விசயம் எல்லோருக்கும் உறைத்தது. அவளுடைய குடும்பப்பெயர் ஒருவருக்கும் தெரியாது. தொலைபேசி இலக்கம் இல்லை. குழுவின் முகநூல் பக்கத்தில் இருநூறுக்கு மேல் ஆட்கள் இருந்தார்கள், அவள் இல்லை. வெங்காயம் சாப்பிடமாட்டாள், தபால் வண்டிப் பாட்டுக்கு அழுவாள், மூன்றாம் வரிசைக் கதிரை என்றால் கோபிப்பாள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். செத்திருந்தால்கூடத் தங்களுக்கு ஒருவரும் அறிவிக்கமாட்டார்கள் என்று, குழாய் வேலை செய்கிற றான்டி சொன்னான்.

கோணேஸ்வரனுக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. ஒரேயொரு தடவை, பனிப்புயல் அடித்த நாளில், வெர்னாவை அவர் காரில் கொண்டுபோய் விட்டிருந்தார். வெக்ஸ்போர்ட்டில் லெபனான்காரரின் வெதுப்பகம் ஒன்றுக்குப் பக்கத்துத் தொடர்மாடி. திங்கட்கிழமை காலைப் பஸ் ஓட்டம் முடிந்ததும் அங்கே போனார். வாசலில் அழைப்புமணிகளுக்கு எதிரே குடும்பப்பெயர்கள் மட்டுமே இருந்தன. வெதுப்பகத்தின் கண்ணாடி ஓரத்தில் ஒரு தேநீரோடு குந்தி, கட்டிட வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். செவ்வாயும் போனார். புதன்கிழமை பதினொரு மணிபோல, சாமான் வண்டிலை இழுத்துக்கொண்டு வெர்னா வெளியே வந்தாள். நடையில் ஒரு குறையும் இல்லை.

அவரைக் கண்டதும் அவள் முதலில் சிரித்தாள், பிறகு முகம் மாறியது. முழங்கால் சரியில்லை என்றாள். முழங்கால்காரன் ஒருவனிடமே அந்தப் பொய்யைச் சொன்னது அவளுக்கே விளங்கியிருக்க வேண்டும். உள்ளே வந்து அவருக்கு எதிரே அமர்ந்தாள். அவர் ஏதோ கேட்டார். அவள் காதைக் கையால் குவித்து, திரும்பச் சொல்லு என்றாள். அப்போதும் அவருக்கு விளங்கவில்லை. பிறகு அவளே சொன்னாள்.

காது போய்க்கொண்டிருந்தது. இரண்டு வருடமாக. கருவி போட்டால் பேச்சு ஓரளவு கேட்கும், ஆனால் பாட்டுக் கேட்காது. ஸ்டீல் கிற்றார் தகரத்தைத் தரையில் இழுப்பதுபோல வரும். அதனால் மதுச்சாலைக்குள் வரும்போது கருவியைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிடுவாள். மேளக்காரனின் கையைப் பார்த்து இன்ன பாட்டு என்று கண்டுபிடித்து, மிச்சத்தைத் தன் மண்டைக்குள் ஓடவிடுவாள். இந்த இரண்டு வருடமும் அவள் கண்ணை மூடியபோதெல்லாம் அப்படித்தான் நடந்திருக்கிறது.

"ஓகஸ்ட் மாதம் புதுப்பாட்டொண்டு பாடினாங்களே" என்றாள்.

கோணேஸ்வரனுக்கு ஞாபகம் வந்தது. நல்ல துள்ளலான பாட்டு. நடுவில் ஐந்து பேரும் பட்டென்று நிறுத்தி, இரண்டு தட்டு விட்டு மறுபடி தொடங்குவார்கள். அன்று அவர்கள் நிறுத்தியபோது, அந்த அமைதிக்குள் வெர்னா மட்டும் தனியாகக் கைதட்டிக்கொண்டே இருந்தாள். பாடகர் வேடிக்கையாக நினைத்து, தொடங்காமல் அவளுக்காகக் காத்துநின்றார். மண்டபமே சிரித்தது. அவள் பகிடி விடுகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"நானும் சிரிச்சனான்" என்றார் கோணேஸ்வரன்.

"தெரியும். உன்ரை முகத்தைப் பார்த்துத்தான் பாட்டு நிண்டுபோச்சுது எண்டு எனக்கு விளங்கினது."

அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. வண்டிலைக் கடைக்கு இழுத்துப் போய், வாழைக்காயும் பாலும் வாங்கிக் கொடுத்து, திரும்பக் கட்டிட வாசலில் விட்டுவிட்டு, பிற்பகல் பஸ்ஸுக்கு நேரம் பிந்தி ஓடினார்.

வீட்டில் அதைக் கனகாம்பிகைக்குச் சொன்னார். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்திருந்து கேட்டாள். வெர்னாவிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று விசாரித்தாள். கேட்கவில்லை, எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை என்றார். "அப்ப கேக்காதேங்கோ. போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ. வராட்டி அடுத்த கிழமையும் போங்கோ" என்றாள்.

மூன்றாவது தடவைதான் வெர்னா வந்தாள். அதற்குள் கோணேஸ்வரன் பேஸ் வாசிக்கிற க்ளெனிடம் விசயத்தைச் சொல்லியிருந்தார். வேறு யாருக்கும் சொல்லவில்லை. க்ளென் தன் காலடியில் ஒரு கதிரையைப் போட்டு, அவளுடைய உள்ளங்கையைப் பேஸின் மரத்தில் வைத்துவிட்டு வாசித்தார். அறைகிற ஒவ்வொரு அறையும் அவளுடைய கைவழியே ஏறுவது தூரத்திலிருந்தே தெரிந்தது. முழுச் சனமும் அவளைப் பார்த்தது. நாலு பாட்டு முடிய அவள் எழும்பி வந்து தூண் ஓரத்தில் தன் பழைய கதிரையில் அமர்ந்தாள். நல்ல மனிதன், ஆனால் தனக்கு வேண்டியது அது இல்லை, தாளம் முன்பும் தன்னிடம் இருந்தது, ஸ்டீல்தான் இல்லை என்றாள்.

அடுத்தது தபால் வண்டிப் பாட்டு. நடுவில் ஸ்டீல் கிற்றார் தனியாக வருகிற இடம் வந்தது. கோணேஸ்வரன் யோசித்துச் செய்ததில்லை. கை தானாகவே மேசைக்கு மேல் வந்தது. இரும்புத் துண்டு எப்படி வழுக்கியதோ அப்படியே அவருடைய கையும் மேசையில் மெல்ல இழுபட்டு, ஓரிடத்தில் தயங்கி, நடுங்கி, மேலே ஏறி இறங்கியது. ஒன்பது வருடம் கேட்ட பாட்டு. எந்த இடத்தில் எவ்வளவு நேரம் தயங்கும் என்பது அவருக்கு வீட்டு முகவரிபோலத் தெரியும். வெர்னா அந்தக் கையையே பார்த்தாள். ஏறி முடிகிற இடத்தில் கண்ணை மூடினாள். கையை எடுப்பதா வைத்திருப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. பாட்டு முடியும்வரை அப்படியே வைத்திருந்தார்.

அன்றிலிருந்து அவள் மறுபடி வரத் தொடங்கினாள். பழைய பாட்டுகள் அவளுக்குள் இருந்தன. கையைக் கண்டால் எழும்பி வந்தன. புதுப்பாட்டுகளுக்கு அவர் என்னதான் கையை அசைத்தாலும், வெறுங் கை அசைவதாகவே இருந்தது. சிலவேளை அவருக்கே சரியாகத் தெரியாமல் தடுமாறுவார். அப்போது அவள் தலையைத் திருப்பிக்கொள்வாள். சில கிழமைகளுக்குப் பிறகு, குழுக்காரர் முதல் சுற்றில் பழைய பாட்டுகளையும், இடைவேளைக்குப் பின் புதியவற்றையும் வாசிக்கிறார்கள் என்பதை அவர் கவனித்தார். யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. வெர்னா அதைக் கண்டுபிடித்தாளா என்று அவர் கேட்கவும் இல்லை. முதல் சுற்று முடிந்ததும் அவள் மேலங்கியை மாட்டிக்கொள்வாள்.

வெக்ஸ்போர்ட்டுக்குப் போய்வர அவருக்கு அரைமணித்தியாலம் பிடிக்கும். இடைவேளையைக் கழித்தால் இரண்டாம் சுற்றில் மூன்று பாட்டுகள் போய்விடும். அவற்றில் ஒன்று அவருக்கு மிகவும் பிடித்தது, போன வருடம் வந்த பாட்டு. அதை இழப்பது அவரை உறுத்தத்தான் செய்தது. இல்லையென்று சொன்னால் பொய். வெர்னா பஸ்ஸில் போகலாமே என்று கனகாம்பிகை ஒருநாள் கேட்டாள். போகலாம்தான் என்றார். அவளும் விட்டுவிட்டு, அடுத்த சனிக்கிழமை தானும் வந்து பார்க்கவா என்று கேட்டாள். வந்தாள். சத்தம் கூட, ஆனால் பாவம் நல்ல சனம் என்று தீர்ப்புச் சொன்னாள். வெர்னாவுக்கும் அவளுக்கும் நடுவில் பெரிதாகப் பேச்சு நடக்கவில்லை. ஆளுக்கு ஆள் சப்பாத்தைக் காட்டி, எங்கே வாங்கியது என்று விசாரித்துக்கொண்டார்கள்.

பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, கட்டிட வாசலில் கார் நின்ற பிறகும் வெர்னா உடனே இறங்கவில்லை. பனி பெய்துகொண்டிருந்தது. இப்போது அங்கே எந்தப் பாட்டுப் போகும் என்று கேட்டாள். கோணேஸ்வரன் நேரத்தைப் பார்த்துக் கணக்குப் பண்ணி, தனக்குப் பிடித்த அந்தப் பாட்டின் பெயரைச் சொன்னார்.

"நல்லதோ?"

"ஓம். நல்லது." அவர் கொஞ்சம் யோசித்தார். "முதலிலை எனக்குப் பிடிக்கேல்லை. நாலைஞ்சு தரம் கேட்டாப்பிறகுதான் பிடிச்சது."

அவள் தலையாட்டினாள். தனக்கு நாலைந்து தரம் கேட்கிற வசதி இல்லை என்றாள், சும்மா கடையில் பால் முடிந்துவிட்டது என்று சொல்வதுபோல. பிறகு கதவைத் திறந்து, "போ, கோனி. மிச்சத்தையாவது கேள்" என்றாள்.

அவள் உள்ளே போய்க் கண்ணாடிக் கதவு மூடும்வரை நின்று பார்த்துவிட்டுக் காரைத் திருப்பினார். வீதி வழுக்கியது. மதுச்சாலைக்கு முன்னால் இடம் இல்லாமல், இரண்டு தெரு தள்ளிக் காரை விட்டுவிட்டு நடந்தார். உள்ளே நான்காவது பாட்டு பாதியில் இருந்தது. றான்டி மேசையிலிருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டான். கோணேஸ்வரன் ஈரச் சப்பாத்தோடு வாசலிலேயே நின்று, அந்தப் பாட்டு முழுதாக முடிந்த பிறகுதான் போய் அமர்ந்தார்.