வெர்லினின் ஆறு தாங்கிகள்

டோர்ஸி ஸ்டாம்பர் மார்ச் மாதம் இறந்துபோனார். காலை பத்து மணிக்கு பட்டறையில் லேத் என்ற கடைசல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் மனைவி ஆர்வெல்லா அழவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் சாப்பாடு கொண்டுவந்த பாத்திரங்களைக் கழுவி, யாருடையது எது என்று சீட்டு ஒட்டித் திருப்பிக் கொடுத்தாள். பல் டாக்டர் ஊசி போட்டதுபோல உடம்பு முழுக்க மரத்துக் கிடக்கிறது என்று தங்கையிடம் மட்டும் சொன்னாள்.

எங்கள் வட கரோலினா மலைப்பக்கத்தில் அவர்கள் இருவரையும் தெரியாத வாத்தியக்காரர் குறைவு. பேஞ்சோ என்ற, தோல் கட்டிய தந்தி வாத்தியம் நூறு வருஷப் பழசானாலும், அதற்கு எங்கேயும் கிடைக்காத உலோகச் சாமான்களை அச்சு அசலாகச் செய்து தருவார்கள். வார்ப்பதும் கடைவதும் டோர்ஸி. நிக்கல் முலாம் பூசி, பழசுபோலாக்கி, பெட்டியில் கட்டி அனுப்புவது ஆர்வெல்லா.

ஏப்ரல் கடைசியில் வெர்லின் கூக் வந்தார். மலைக்கு அந்தப்புறத்துக்காரர், எண்பதை நெருங்கியவர். டோர்ஸி இறந்த சேதி அவர் காதுக்கு எட்டியிருக்கவில்லை. கொண்டுவந்த பேஞ்சோவை மேசைமேல் வைத்தார். தோலை இழுத்துப் பிடிக்கும் கொக்கிகளை மாட்ட, வட்டச் சட்டத்தைச் சுற்றி இருபத்துநாலு பித்தளைத் தாங்கிகள் இருக்க வேண்டும். ஆறு இல்லை. மிச்சம் எல்லாம் ஓக் இலை வடிவம்.

"எந்தக் கேட்லாக்லயும் இது இல்லம்மா. செஞ்ச கம்பெனியை எங்க தாத்தா காலத்துலயே மூடியாச்சு. எங்க அண்ணன் ஆறைக் கழட்டி, மீன் தூண்டில்ல கனத்துக்குக் கட்டிட்டான், பாவி."

"எப்ப வேணும்?"

"ஜூன் முதல் ஞாயித்துக்கிழமை. கல்லறைக்கெல்லாம் பூ வைக்கிற நாளு. அந்த அண்ணனும் இப்ப அங்கதான் படுத்திருக்கான். அவன் முன்னாடி வாசிச்சுக் காட்டணும். டோர்ஸி எங்க?"

ஆர்வெல்லா வாயைத் திறந்தாள். "வெளிய போயிருக்கார்" என்றுதான் வந்தது.

"சொல்லிடு. அவர் கை பட்டாப் போதும்."

"சொல்றேன்."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. உண்மையைச் சொன்னால் மனுஷர் தொப்பியைக் கழற்றுவார், தோளைத் தொடுவார், பக்கத்தில் உட்காருவார். அதையெல்லாம் வாங்கிக்கொள்ள அவளுக்குத் தெம்பில்லை. ஆறு தாங்கி செய்வது அதைவிடச் சுலபம் என்று பட்டது.

சுலபமாக இல்லை. பழைய தாங்கி ஒன்றை வார்ப்பு மணலில் அழுத்தி அச்செடுத்துப் பித்தளையை ஊற்றினாள். ஆறும் பார்க்க அழகாக வந்தன, ஒன்றுகூடச் சட்டத்தில் பொருந்தவில்லை. பித்தளை ஆறும்போது சுருங்கும் என்பது தெரியும். டோர்ஸி அதை எப்படிச் சமாளித்தார் என்று கேட்டு வைத்ததில்லை. மாதிரியைக் கொஞ்சம் பருமனாக்க வேண்டும். மெழுகு பூசிப் பார்த்தாள், மணலோடு உரிந்து வந்துவிட்டது. கடைசியில் குளியலறையிலிருந்து நெயில் பாலிஷை எடுத்துவந்து ஏழு பூச்சு பூசினாள். சிவப்பு ஓக் இலை. மறுபடி வார்த்தபோது சரியாக உட்கார்ந்தது. சந்தோஷம் வருகிறதா என்று சற்று நின்று பார்த்தாள். வரவில்லை.

அடுத்தது தாங்கிக்குள் திருகாணி ஏறும் மரை. இன்றைக்குக் கடையில் கிடைக்கும் எந்த மரையோடும் சேராத பழைய மரை. அதை வெட்டும் டேப் என்ற கருவியையும் அவளே எஃகுக் கம்பியில் கடைந்து, பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினாள். இரண்டு உடைந்தன, மூன்றாவது தாங்கியது. டோர்ஸி கடைசியாக உட்கார்ந்த இடத்தில் நின்றுதான் லேத்தை ஓட்ட வேண்டும். நின்றாள். ஒன்றும் ஆகவில்லை.

வெர்லின் வாராவாரம் போன் செய்தார்.

"என்னம்மா சொல்றார் உங்க வீட்டுக்காரர்?"

"மரை ரொம்பப் பழசாம். அவசரப்படுத்தாதீங்கன்றார்."

"அவர் எப்பவும் அப்படித்தான், நத்தைக்குப் பொறந்த மனுஷன்!"

"ஆமா" என்றாள்.

ஜூன் முதல் ஞாயிற்றுக்கிழமை பேஞ்சோவை எடுத்துக்கொண்டு அவளே மலையேறி அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். கல்லறைகள்மேல் பூக்கள், மரத்தடியில் நீள மேசைகளில் சாப்பாடு. வெர்லின் தன் அண்ணனின் கல்லறைக் கல்லுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசித்தார். சுற்றி நின்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆர்வெல்லா தாங்கிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டோர்ஸி வரலையா? அவர் கையைக் குலுக்கணுமே."

"அவர் செத்துட்டார்ண்ணே. மார்ச்லயே."

இதுவரை அந்த வார்த்தையை அவள் யாரிடமும் சொல்ல நேர்ந்ததில்லை. ஊரில் எல்லாருக்கும் தானாகவே தெரிந்திருந்தது.

"போன்ல அவர் சொன்னார், அவர் சொன்னார்னியே?"

"நானாச் சொன்னதுண்ணே."

"அப்ப இதை யார் செஞ்சது?"

"நான்தான்."

வெர்லின் பேஞ்சோவைத் திருப்பி, ஆறையும் விரலால் தடவிப் பார்த்தார். "மூணாவது கொஞ்சம் கோணல்."

"தெரியும். குடுங்க, மாத்தித் தரேன்."

"தொட்டே, கையை உடைச்சிருவேன்." பேஞ்சோவை மார்போடு சேர்த்துக்கொண்டார். "என்கிட்டப் போய் பொய் சொல்லிட்டியே, பொண்ணே. சரி, போய் உக்காரு. சாப்பாடு ஆறுது."

மேசையில் யாரோ பீன்ஸும் சோள ரொட்டியும் பரிமாறினார்கள். பக்கத்திலிருந்த அம்மாள், "நீங்க யாரோட வந்தீங்க?" என்று கேட்டாள்.

"தனியாத்தான். என் வீட்டுக்காரர் செத்துட்டார்" என்றாள் ஆர்வெல்லா. முதல் தடவையைவிட இந்தத் தடவை சொல்லக் கஷ்டமாக இருந்தது. கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தாள்.