பன்னிரண்டாவது பத்திரம்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. வெள்ளைக்காரர் ஆட்சியில் ஆளுநர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பழைய நிலப் பத்திரங்களைத் தேடித் தேடிச் சேர்ப்பார். ஓர் ஆளுநர் ஆற்றங்கரைக் காட்டைப் பன்னிரண்டு துண்டாக்கி, ஒரே நாளில் பன்னிரண்டு பேருக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அவற்றில் பதினொன்று இவருடைய அலமாரியில் இருந்தன. மிச்சமிருந்த ஒன்றுக்காக ஒன்பது வருடம் நாயாய் அலைந்தார்.

கடைசியில் அது தானாகவே தேடி வந்தது. மருந்துக்கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் கண் பரிசோதனைக்கு வந்தார். புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவரில் இருந்த பத்திரத்தின் படத்தை உற்றுப் பார்த்தவர், "இதே மாதிரி ஒண்ணு எங்க வீட்ல தொங்குதே" என்றார். கடைக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அந்தச் சனிக்கிழமையே போய் நின்றார். மாடியில் இரண்டு அறை வீடு. சாப்பாட்டு மேசைக்கு மேலே, சட்டத்துக்குள், வால் நீண்ட அதே கையெழுத்து. அரக்கு முத்திரையில் மட்டும் ஒரு மூலை உடைந்திருந்தது.

"விக்கிறதுக்கில்லைங்க" என்றார் அம்மா. "நிலம் எந்தக் காலத்துலயோ கை மாறிப் போச்சு. காகிதம்தான் மிச்சம். இதுல என்ன எழுதியிருக்குன்னு எங்க வீட்ல ஒருத்தருக்கும் தெரியாது. முப்பது வருஷம் டாக்டருங்க கிறுக்கலைப் படிச்சவ நான், எனக்கே பிடிபடலை. நீங்க படிச்சுச் சொல்றீங்களா?"

இவருக்கு அந்த எழுத்து தண்ணீர் பட்ட பாடு. ஒரே மூச்சில் படித்திருப்பார். ஆனால் அம்மா கன்னத்தில் கை வைத்து எதிரே உட்கார்ந்ததும் ஏதோ ஆகிவிட்டது. மனைவி போன ஏழு வருடத்தில் அவர் பேச்சை யாரும் அப்படிக் கேட்டதில்லை. இரண்டு வரியோடு நிறுத்தினார்.

"ரொம்பச் சிக்கலான எழுத்துங்க. மீதியை அடுத்த வாரம் பாப்போம்."

இப்படியே வாரத்துக்கு ஒரு வரி, இரண்டு வரி. நிலத்தில் வளரும் உயரமான மரமெல்லாம் கப்பல் கட்டுவதற்காக அரசருக்கே சொந்தம் என்ற வரி வந்தபோது அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "குடுக்கிற மாதிரி குடுத்துட்டு நல்லதையெல்லாம் வெச்சுக்கிட்டாரா!" பிறகு 'ஆளில்லாத காடு' என்று ஓரிடத்தில் வந்தது. சிரிப்பு நின்றது.

"நெஜமாவே அங்க யாருமே இல்லையா?"

"இருந்தாங்க. இதுல எழுதலை, அவ்வளவுதான்."

அன்றைக்கு அதற்கு மேல் படிக்க வேண்டாம் என்றார் அம்மா.

பதினாறாவது சனிக்கிழமை போனபோது கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள்.

"பையன் கூப்பிட்டுக்கிட்டே இருந்தான். செவ்வாய்க்கிழமை விமானம். போனா திரும்பி வர்றது சந்தேகம்தான்" என்றார் அம்மா. "இன்னிக்கு நிறுத்தாம முழுசாப் படிங்க."

படித்தார்.

"கால் மணி நேரம்கூட ஆகலை" என்றார் அம்மா.

கடைக்காரர் தலை குனிந்தார்.

"மூணாவது வாரமே எனக்கு எழுத்து பிடிபட்டுப் போச்சு" என்றார் அம்மா.

"அப்ப ஏங்க சொல்லலை?"

"சொன்னா நீங்க வர்றது நின்னு போயிடுமே."

அம்மா நாற்காலி மேல் ஏறிச் சட்டத்தைக் கழற்றி, பழைய போர்வையில் சுற்றி அவர் கையில் கொடுத்தார். "கண்ணாடி வெச்சது, வழியில உடைஞ்சிடும். உங்ககிட்டயே இருக்கட்டும்."

போகாதீங்க என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. "பத்திரமா போய்ட்டு வாங்க" என்றுதான் வாய் சொன்னது.

பன்னிரண்டும் சேர்ந்துவிட்டன. சேகரிப்பாளர்கள் வந்து பார்த்து வயிறெரிந்து போனார்கள். ஒன்பது வருடம் இதற்காகத்தானே ஏங்கினோம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். மனம் ஒட்டவில்லை.

இரண்டு மாதம் கழித்து அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். அங்கே குளிர் அதிகமாம். பேரப்பிள்ளை படுசுட்டியாம். இவர் கடைக்கு வெள்ளையடித்ததைச் சொன்னார். கேட்க நினைத்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை.

"சரி, வெச்சிடவா?" என்றார் அம்மா.

"ம்."

இருவருமே வைக்கவில்லை.